துளையிடாத பால் டின்

காஜா பெராங், மலாக்கா
ஜூன் 1957

என் கணவர் அப்பாசாமி அவர்களுக்குப் பூங்காவனம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். தடுப்பு முகாமில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பழைய இருமல் திரும்பி வராமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் கைக்கு வருமுன் இந்தக் கடிதத்தை ஒரு ஐயா பிரித்துப் படிப்பாராம். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். தாராளமாகப் படிக்கட்டும். நம் கதையை உட்கார்ந்து கேட்க இதுவரை ஓர் அதிகாரிக்கும் நேரம் இருக்கவில்லை. இவருக்கு இதைப் படிப்பதுதானே வேலை? அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தெரிந்த கதையை எதற்கு அளக்கிறாள் என்று கோபிக்காதீர்கள், மாமா.

ஐயா, எங்கள் ரப்பர் தோட்டம் சிகாமட் பக்கம். இன்னும் கட்டுப்பாடு நீங்காத கறுப்புப் பகுதி. நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று டின் சாமான் எதுவானாலும் விற்கிற கடைக்காரரே ஆணியால் துளை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். துளை விழுந்த டின் நாள்படத் தாங்காது, உடனே தீர்த்துவிடவேண்டும். இந்த மலாக்கா டவுனோ கட்டுப்பாடு நீங்கி வெள்ளைப் பகுதியாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே யாரும் டின்னில் துளை போடுவதில்லை.

தோட்டத்துக் கடையில் நாம் கேட்பது கிடைக்காது, கிடைப்பதைத்தான் கேட்கவேண்டும். அதனால் லயத்தில் முக்கால்வாசிப் பேர் மலாக்காவில் ஷரீஃபுதீன் ராவுத்தர் கடைக்குக் கார்டு போட்டுச் சாமான் வரவழைப்போம். பச்சைக்கரைச் சேலை என்று எழுதினால் பச்சைக்கரைதான் வரும். அது தீர்ந்துபோயிருந்தால் ஊதாக்கரையைத் தலையில் கட்டமாட்டார். "இப்போது இல்லை, வரும்வரை பொறுக்க முடியுமா, வேறு அனுப்பவா" என்று பதில் கார்டு வரும். எண்ணெய் டின் நசுங்கி வந்ததில்லை, கண்ணாடி வளையல் உடைந்து வந்ததில்லை. பார்சல் வருகிற அன்று லயத்துப் பெண்களெல்லாம் எங்கள் வாசலில் கூடிவிடுவோம். ஒருத்தியின் பார்சலைப் பார்த்து இன்னொருத்தி மறுநாளே கார்டு எழுதுவாள்.

பாப்பா பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. தோட்டத்துக் கடையில் இருந்த பால்மாவோ கட்டி தட்டி, எறும்பு மொய்த்தது. அப்போதுதான் நீங்கள் ராவுத்தர் கடைக்கு எழுதினீர்கள். வீட்டில் பெண் பிறந்திருக்கிறது, தாய்க்குப் பால் இல்லை, இரண்டு டின் பால்மா அனுப்பவும் என்று. பெண் பிறந்ததை எழுதாமலேயே விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்த நேரம் அது.

பார்சலில் துளை போட்ட டின் இரண்டும் வந்தன. கூடவே மஞ்சள் காகிதம் சுற்றி, சிவப்பு நூல் கட்டி இன்னொரு டின். அதில் துளை இல்லை. பில்லிலும் அது இல்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குக் கடையின் அன்பளிப்பு என்று காகிதத்தின் மேல் எழுதியிருந்தது. துளை போட்ட டின்கள் முடியட்டும், இது கெடாமல் கிடக்கும் என்று தொட்டிலுக்கு அடியில் வைத்தோம். மஞ்சள் காகிதத்தை நான்தான் விளக்குமாடத்தில் விரித்தேன், அது எண்ணெயில் ஊறி ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. பதினாறாம் நாள் பெயர் வைக்க இருந்தோம். அதற்கு முன்பே லயத்தைச் சோதனை போட்டு, தொட்டிலடியில் இருந்த அந்த டின்னை எடுத்து, காட்டுக்கு அனுப்ப வைத்தது என்றார்கள்.

கடை இனாமாகக் கொடுத்தது என்று நீங்கள் சொன்னபோது அந்த அதிகாரி சிரித்தாரே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தக் கடைக்காரன் பால்மாவை இனாமாக அனுப்புவான் என்று கேட்டார். உங்கள் வேலை ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில், புகைவீடு காட்டை ஒட்டி இருக்கிறது. அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு மலாக்காவில் ராவுத்தரைக் கேட்டார்களாம். எங்கள் கடையிலிருந்து கறுப்புப் பகுதிக்குத் துளை போடாத டின் போனதே இல்லை, பில்லில் இல்லாத சாமான் வெளியே போவதும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் உங்களை உள்ளே வைத்திருக்கிறது.

லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே இந்தக் கடைக்கு வந்துவிட்டேன். எதிர்ச் சந்தில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் ஒரு செட்டிக் குடும்பத்து அம்மாள் சமையலறை ஓரம் இடம் கொடுத்திருக்கிறார். சிவகாமசுந்தரி என்று வாய்கொள்ளாத பெயர். ஆனால் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சாமியிடமும் மலாயில்தான் பேசுகிறார். நான் மசாலா இடித்துக் கொடுக்கிறேன், அவர் சோறு போடுகிறார். பாப்பாவை என்னைவிட அவர்தான் அதிகம் வைத்திருக்கிறார்.

காலையில் கடை திறந்ததும் போய் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். புக்கிட் பாருவிலிருந்தும் செமாபோக்கிலிருந்தும் சைக்கிளில் வருகிறவர்கள் இவள் யார் என்று பார்ப்பார்கள். கேட்டால் சொல்வேன். ராவுத்தர் என் பக்கம் திரும்பவே மாட்டார். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மனைவி ரோஷன் பீவி வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உட்காரவைத்து, அந்த டின்னைப் பார்சலில் வைத்தது நான்தான் என்றார்.

அவருக்குப் பிள்ளையில்லை. குழந்தை பிறந்ததாக எந்த வாடிக்கைக்காரர் எழுதினாலும் முன்கடை அலமாரியிலிருந்து ஒரு டின் எடுத்து, தானே காகிதம் சுற்றி வைப்பாராம். தோட்டத்துக்குப் போகும் சாமான்கள் பின்கட்டு மேஜையில் துளை போட்டுப் போகும். அன்பளிப்பு பில்லில் ஏறாததால் அந்த மேஜைக்கே வராது. துளை போடத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "சீர் குடுக்கிற சாமான்ல யாராச்சும் ஓட்டை போட்டுக் குடுப்பாங்களாம்மா? பச்சப்புள்ளைக்குப் போறதுன்னு ஆசையா வச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

கோபமெல்லாம் ராவுத்தர்மேல்தான். இதைப் போய்ச் சொல்லுங்கள், என் புருஷன் வந்துவிடுவார் என்றேன். "தங்கச்சி, ஓட்டை போடாத டின்ன அனுப்பினேன்னு நான் வாயத் தொறந்தா லைசென்ஸ் போயிடும். நானும் இந்தியாவுல பொறந்தவன். என்னையும் கப்பல்ல ஏத்திடுவான். கொஞ்சம் பொறு, விசாரணைல தானா விட்டுடுவாங்க" என்றார். தானாக விடுவதற்கு நீங்கள் என்ன வேலியில் மாட்டிக்கொண்ட ஆடா? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் நாளைக் காலையிலும் அந்தப் பெஞ்சில் போய் உட்காருவேன்.

பாப்பாவுக்கு என்ன பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள்? யாரிடமும் சொல்லாமல் மனதிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எழுதி அனுப்புங்கள். படிக்கிற ஐயாவும் பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார், என் கடிதம் முழுசாகப் போக அவர்தான் மனது வைக்கவேண்டும்.

உங்கள் பூங்காவனம்


காஜா பெராங், மலாக்கா
செப்டம்பர் 1957

என் கணவர் அவர்களுக்குப் பூங்காவனம் எழுதியது. பாப்பா தவழ்கிறாள். கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறாள். நான் மெலிந்துவிட்டதாகச் சிவகாமசுந்தரி அம்மாள் சொல்கிறார், நம்பாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? பாதி கிடைத்தது. "பாப்பாவுக்கு நான் நினைத்த பெயர்" என்பதுவரை இருக்கிறது. அதற்கப்புறம் கறுப்பு மை. அந்த வரியும் அடுத்த இரண்டு வரிகளும் தெரியவில்லை. பெயருக்குப் பக்கத்தில் முகாமைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா? ஒரேயடியாகத் தடவி விட்டிருக்கிறார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். விளக்குக்கு முன் வைத்துப் பார்த்தேன். ரோஷன் பீவி காகிதத்தைத் திருப்பி, எழுத்து அழுந்திய தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஐயா, ஒரு பச்சைக் குழந்தையின் பெயரால் இந்தச் சர்க்காருக்கு என்ன ஆகிவிடும்? மறுபடி எழுதுங்கள், மாமா. வேறெதுவும் வேண்டாம், பெயரை மட்டும் எழுதுங்கள்.

நான் இப்போது பெஞ்சில் இல்லை, பின்கட்டில் பார்சல் கட்டுகிறேன். ரோஷன் பீவிதான் வேலை கொடுத்தார். உங்களை உள்ளே தள்ளிய கடையில் கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பெஞ்சில் இருந்தால் ராவுத்தர் என்னைப் பாராமல் தப்பிவிடுகிறார், மேஜையில் இருந்தால் ஒவ்வொரு பார்சலுக்கும் என் முகத்தில் விழித்தாகவேண்டும். டின்களுக்கு ஆணி அடிப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு அவர் பக்கம் நகர்த்துவேன்.

கடை படுத்துவிட்டது. உங்கள் சங்கதி தோட்டம் தோட்டமாகப் பரவியிருக்கிறது. முதலில் கார்டுகள் வழக்கம்போலத்தான் வந்தன. ஆனால் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது. தயவுசெய்து அன்பளிப்பு எதுவும் வைக்கவேண்டாம், கேட்டதை மட்டும் அனுப்பவும் என்று. ஊர் ஊராக, ஆள் ஆளாக இதே வரி. ரோஷன் பீவி அதைப் படிக்கக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மஞ்சள் காகிதக் கட்டு அப்படியே அலமாரியில் கிடக்கிறது.

அப்புறம் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. சில ஊர்களில் தபாலாபீசிலேயே தொடாமல் விட்டுவிடுகிறார்களாம். வாங்குகிறவர்களும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, நேரே போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போய் எல்லார் கண்முன்னும் பிரிக்கிறார்களாம். முன்பு பார்சல் பிரிக்க எப்படிக் கூடுவோம்! இப்போது பார்சல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

ராவுத்தர் சும்மா இருக்கவில்லை. அன்பளிப்பை நிறுத்தினார். எல்லா டின்னும் துளையிட்டது என்று ஒவ்வொரு பார்சலின் மேலும் கொட்டை எழுத்தில் எழுதவைத்தார். கட்டுக்கூலி வேண்டாம் என்றார். பழைய வாடிக்கைகளுக்கெல்லாம் கார்டு எழுதினார். எதுவும் எடுபடவில்லை. சாமானில் நம்பிக்கை போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நம் பக்கத்து வீட்டு அஞ்சலையின் கார்டு வந்தது. ராவுத்தருக்கு எழுத்து சரியாகப் பிடிபடவில்லையென்று என்னிடம் நீட்டினார். சத்தமாகவே படித்தேன். அஞ்சலையை உங்களுக்குத் தெரியுமே, பேசுகிற மாதிரியே எழுதுவாள். "சாமான் நல்லாத்தான் இருக்கு மொதலாளி, அதுல கொற சொல்லல. டின் தவறிப்போச்சு, மனுசன்னா தவறும். ஆனா ஒங்க சாமான வாங்கினதுக்கு அப்பாசாமி அண்ணன் உள்ள கெடக்குறாரு, நீங்க எனக்குத் தெரியாதுன்னுட்டீங்க. நாளைக்கு எனக்கும் அப்படித்தான சொல்லுவீங்க? அதுனால நாங்க தோட்டத்துக் கடையிலயே எறும்போட வாங்கிக்கிறோம்." இவ்வளவுதான். ராவுத்தர் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் தோரணம், காலையிலேயே ஊர்வலம். சிவகாமசுந்தரி அம்மாள் பாப்பாவுக்குப் புதுச்சட்டை போட்டுத் தெருமுனையில் தூக்கிக்கொண்டு நின்றார், அவளும் கையைக் கையை ஆட்டினாள். தோட்டங்களுக்கு அனுப்பவென்று ராவுத்தர் கட்டுக்கட்டாய்க் காகிதக் கொடி தருவித்திருந்தார். பாதி பிரிக்காமலே திரும்பி வந்து மேஜைக்கடியில் கிடக்கிறது. நாடு நம்முடையது ஆகிவிட்டது, இனி முகாம் வாசலும் திறந்துவிடும் என்று நானும் பைத்தியக்காரியைப் போல நம்பினேன். ராவுத்தரும் அதையேதான் சொன்னார், மெர்டேக்கா கழியட்டும், புது சர்க்கார் எல்லாரையும் விட்டுவிடும் என்று. மெர்டேக்கா கழிந்துவிட்டது. நேற்று கேட்டதற்கு, தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார். இவருக்கு எப்போதும் ஏதாவது ஒன்று முடியவேண்டியிருக்கிறது.

நான் இந்த மண்ணில் பிறந்தவள் என்பதால் என்னைக் குடிமகளாகப் பதிந்துகொண்டார்கள். பாப்பாவின் பெயர் என்ன என்று அந்த ஆபீசில் கேட்டார்கள். அவள் அப்பா சொன்னபிறகு வந்து சொல்கிறேன் என்றேன். அப்பா எங்கே என்று கேட்டார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பொய்தான், ஆனால் அந்த இடத்தில் முகாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களைப்போல் அங்கு பிறந்தவர்களை இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? ஐந்து வயதில் அப்பாவின் தோளில் வந்தவரை எந்த ஊருக்கென்று அனுப்புவார்கள்? அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுங்கள். நான் ராவுத்தரின் காலில் விழுந்தாவது, கழுத்தைப் பிடித்தாவது இழுத்துக்கொண்டு போகிறேன்.

பதிலை ஒவ்வொரு நாளும் எதிர்பார்க்கும்
பூங்காவனம்


காஜா பெராங், மலாக்கா
ஜனவரி 1958

என் கணவர் அப்பாசாமி அவர்களுக்குப் பூங்காவனம் எழுதிக்கொண்டது. பாப்பா நடக்கிறாள். சிவகாமசுந்தரி அம்மாளைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்கிறாள், என்னைப் பார்த்து அம்மா என்கிறாள். பொங்கல் வைத்தோம். உங்களுக்கென்று ஓர் இலையில் எடுத்துவைத்தேன்.

இந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை. எழுதும்போது கை எங்கெங்கோ நிற்கிறது. படிக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார் என்று எழுதியே பழகிவிட்டேன்.

சேலத்திலிருந்து நீங்கள் போட்ட கார்டு வந்தது. பெரியப்பா மகனின் மாட்டுக்கொட்டகையில் படுத்திருப்பதாகவும், ஊரில் ஒருவருக்கும் உங்களைத் தெரியவில்லை என்றும், உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நீ வராதே, இங்கே ஒன்றும் இல்லை, எப்படியாவது நான் வந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கார்டை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்து வியர்வையில் எழுத்து கலைந்துவிட்டது. கார்டில் இடமில்லாமலோ என்னவோ, பாப்பாவின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள்.

நடந்ததைச் சொல்லவேண்டும். தீபாவளிக்குக் கடையில் வியாபாரமே இல்லை. மற்ற வருஷங்களில் பின்கட்டில் கால் வைக்க இடமிருக்காதாம். இந்த வருஷம் மேஜையில் நானும் ஆணியும் சுத்தியலும்தான். வேலையாட்களை ஒவ்வொருவராக ராவுத்தர் நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு முன்தினம் காலையில் வந்து, வெறும் மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டை மாற்றி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரோஷன் பீவியிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போலீஸ் ஆபீசுக்கு நடந்தே போனார். ரோஷன் பீவி என்னைக் கட்டிக்கொண்டார். நான் எதிர்வீட்டுக்குப் போய் மசாலா இடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். டின்னை வைத்தது தன் வீட்டில்தான், முதலில் பயந்து பொய் சொன்னேன், அந்த மனிதர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. அதிகாரி மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டாராம், எழுதிக்கொண்டாராம். எங்கெங்கோ டெலிபோன் பேசினாராம். பேசிவிட்டு வந்து, அந்த ஆள் இந்த வாரம்தான் கப்பலேறிவிட்டார், போனவருக்கு இங்கே திரும்ப வர அனுமதி கிடையாது, நீங்கள் முன்பே வந்திருக்கலாமே என்று சொன்னாராம்.

உங்களைக் கப்பலேற்றியது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ராவுத்தர் பார்சல் மேஜையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். நான் சுத்தியலை எடுத்தேன். மாமா, உண்மையைச் சொல்கிறேன், அவர் மண்டையில் போடத்தான் எடுத்தேன். ரோஷன் பீவி குறுக்கே வரவில்லை. ராவுத்தரும் நகரவில்லை. பாப்பா எதிர்வீட்டில் அழுகிற சத்தம் கேட்டது. சுத்தியலை வைத்துவிட்டு அவளைத் தூக்கப் போய்விட்டேன்.

புது வருஷம் பிறந்ததும் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். எதைக் காப்பாற்ற வாயைப் பொத்திக்கொண்டிருந்தாரோ அது போய்விட்டது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அவர் போய்ச் சொன்ன செய்தி எப்படியோ தோட்டங்களுக்கு எட்டி, இப்போது மறுபடி கார்டுகள் வருகின்றன. அஞ்சலை கூட எழுதியிருந்தாள், வாயல் சேலை ஒன்றும், பூப்போட்ட பீங்கான் ஒரு ஜோடியும் கேட்டு. அனுப்ப நம்மிடம் கடை இல்லை. கடை மூடிவிட்டது, மன்னிக்கவும் என்று நான்தான் எல்லாருக்கும் பதில் எழுதிப் போட்டேன்.

ராவுத்தரும் ரோஷன் பீவியும் இந்த மாதக் கப்பலில் தங்கள் ஊருக்கே போகிறார்கள். என்னையும் பாப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போய் உங்களிடம் விடுவதாக ரோஷன் பீவி கெஞ்சினார். ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஒருநாள் இல்லை, இன்னும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். உங்களுக்கே கொட்டகை. நாங்களும் வந்தால் பாப்பாவை எங்கே படுக்கவைப்பீர்கள்? நான் இங்கே பதிந்தவள், கடல் தாண்டிவிட்டால் திரும்ப விடுவார்களா என்று கேட்டால் ஒருவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. நீங்களும் வராதே என்கிறீர்கள். வந்துவிடுவேன் என்கிறீர்கள். சரி என்று நான் எழுதிவிடுகிறேன். நான் நம்புகிறேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சிவகாமசுந்தரி அம்மாள் இந்த வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். செங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்ட ஆள் எடுக்கிறார்களாம், விசாரித்திருக்கிறேன். பாப்பா இவரிடம் வளர்வாள்.

மாமா, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாரே, அவர்தான் ஷரீஃபுதீன் ராவுத்தர். தன் கடையின் கடைசிப் பார்சலைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். உங்கள் ஊர் எது, எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும் என்றெல்லாம் உங்கள் கார்டை வைத்து விசாரித்துக்கொண்டார். அவரை மன்னியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். வயதானவர், தூரத்திலிருந்து வருகிறார். இங்கே உங்கள் பெண்ணை மடியில் வைத்திருந்தவர். அவள் எப்படி நடக்கிறாள், எப்படிச் சிரிக்கிறாள் என்று கேளுங்கள், சொல்வார். அதைச் சொல்ல என்னிடம் எழுத்து இல்லை.

பார்சலை அவர் முன்னாலேயே பிரியுங்கள். பாப்பாவின் போட்டோ ஒன்று இருக்கிறது, மேலே வைத்திருக்கிறேன். இரண்டு சட்டை, நீங்கள் கேட்கும் அந்தச் சீனக்கடை இருமல் எண்ணெய், பாப்பா கிழித்துப்போட்ட மெர்டேக்காக் கொடி. அடியில் ஒரு பால் டின். அது ரோஷன் பீவி வைத்தது, பழைய மஞ்சள் காகிதத்தில் சுற்றி. அவர் அந்தப் பக்கம் போனதும் காகிதத்தைப் பிரித்து நான் ஆணி அடித்தேன். ராவுத்தர் பார்த்துவிட்டார். "இந்தியாவுல அந்தச் சட்டமெல்லாம் இல்லம்மா, கப்பல்ல மாவு கொட்டிடும்" என்றார். கொட்டட்டும் என்றேன். எந்த ஊரில் எப்போது என்ன சட்டம் வருமோ யார் கண்டது? மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். வந்ததும் கரைத்துக் குடித்துவிடுங்கள். எதையும் நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். வேலை கிடைக்கவேண்டும், மழையில் நனையாத இடம் கிடைக்கவேண்டும், சிரிக்கிறவர்கள் சிரித்து ஓயவேண்டும். உங்கள் பெண் தினமும் உங்கள் பழைய சட்டையைத் தொட்டுக் கும்பிடுகிறாள், சாமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். சிவகாமசுந்தரி அம்மாள் தானே ஒரு பெயர் வைக்கிறேன் என்கிறார், நான் விடவில்லை. பதிவு ஆபீசில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், நான் போகும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒரு கார்டு வாங்குங்கள், மாமா. மேலே விலாசம், கீழே பெயர். நலம் விசாரிக்கவேண்டாம், எப்போது வருவீர்கள் என்றும் எழுதவேண்டாம். பெயரை மட்டும் பெரிதாக எழுதி அனுப்புங்கள். இந்தத் தடவை யாரும் மை தடவமாட்டார்கள்.

உங்கள்
பூங்காவனம்